ஊசி போடாதது

தக்கலைச் சந்தை முக்கில்
மாகீன் அண்ணன் ஒரு ஆரஞ்சை அறுத்து
கடை வாசலிலேயே வைத்திருந்தார்,
போலீசுக்குக் காட்ட வேண்டிய தடயம் போல.
“பாத்தியளா? உள்ள சாயம்.
ஊசி போட்ட பழமாக்கும். பம்பாய்க்காரன் பற்றிச்சுட்டான்.”
காலையிலிருந்து ஏழு பேர் திருப்பிக் கொடுத்தார்களாம்.
ஒரு டீச்சரம்மா
பையனுக்கு வாய் துடைத்த கைக்குட்டையோடு வந்து
விரித்துக் காட்டிவிட்டுப் போனாராம்.

குனிந்து பார்த்தேன்.
அப்போது பிடித்த சூரையின் செவுள் நிறம்.
பதினோரு வருஷம் கப்பல் பாரில்
தை மாசியில் மட்டும் வந்து இறங்குகிற பழம்.
என் நகக்கண்ணுக்கு அதைத் தெரியும்.
தெரியும் என்று சொல்லவில்லை.
“பெட்டியோட என்ன வெல?” என்றேன்.
மாட்டுக்கு என்று நினைத்திருப்பார்.
இருநூறு ரூபாய்.

பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன்.
திங்கள்சந்தை வரைக்கும் சிரிப்பு வந்தது.
குளச்சலில் இறங்கும்போது
பெட்டி கனத்தது.

சாயங்காலம் மொட்டைமாடி.
ஷேக்கர் கப்பலில் கிடக்கிறது,
கித்தேரியின் எவர்சில்வர் தூக்குவாளி போதும், மூடி இறுக்கம்.
ஐஸ் சோடாக் கடையிலிருந்து;
படகு ஐஸ் வேண்டாம் என்றதற்கு
“ஏம்டே, மீனு கோவிக்குமா?” என்றான் சேசடிமை.
மாறாமலைக் கிராம்பை ரம்மில் மதியமே போட்டிருந்தேன்.
கருப்பட்டிப் பாகு, மணம் வருகிற அளவுக்கு மட்டும்.
பிறகு ஒரு சிட்டிகை கல்லுப்பு.
கேட்பவர்களிடம் எல்லாம் சொல்வேன்,
உப்புதான் பழத்தைப் பேச வைக்கும்.

தோளுக்கு மேலே தூக்கிக் குலுக்கினேன்.
கை மரத்துப்போகும்வரை குலுக்கவேண்டும்,
வாளி வியர்க்கவேண்டும்.
காசளவு தோல் சீவி
லைட்டர் தீக்கு முன்னால் மடக்கினேன்.
எண்ணெய் சீறிப் பொரிந்தது.
ஐந்து கட்டுமஸ்தான ஆட்கள்
ஒரு மூச்சு பேசவில்லை.

வறுவேல் அத்தான் ஒரே மடக்கு.
“கொள்ளாம்.
ரம்ம எப்ப ஊத்துவ?”

நெத்திலி பொரித்த தட்டோடு
படியேறி வந்த கித்தேரி கீழே போகவில்லை.
“எனக்க பங்கு?”
“சாறு மட்டும் தரட்டா?”
“நான் அதயா கேட்டேன்?”
அத்தான் கடலில் ஏதோ லைட் எரிகிறது என்றார்.
எல்லோரும் அந்த லைட்டைப் பார்த்தோம்.
பிறகு அவளுக்கு ஒன்று கலந்தேன்,
அளவு குறைக்காமல்.

தண்ணித்தொட்டியில் சாய்ந்து நின்று
முகர்ந்தாள். உறிஞ்சினாள். நிறுத்தினாள்.
மறுபடியும் உறிஞ்சினாள்.
“கொஞ்சம் கசக்குது. நல்ல கசப்பு.”
கிராம்பை நாக்கில் எடுத்துக் கடித்தாள்.
“இதயா கெட்டுப்போச்சுன்னு தந்தாரு?
நீ ஒண்ணும் சொல்லலியா?”
“இல்ல.”
“ம்.”
காலி கிளாஸை நீட்டினாள்,
கழுவவா நிரப்பவா என்று தெரியாதபடி.

மறுநாள் சோடா பாட்டிலில்
சாறும் உப்பும் பாகும் மட்டும்,
வேறொன்றும் இல்லை என்று இரண்டு தடவை சொல்லி
மாகீன் அண்ணனிடம் கொடுத்தேன்.
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
குடித்தார். மீசையைத் துடைத்தார்.
பழத்துக்குப் பேர் என்ன என்று கேட்டார்.
சொன்னேன்.
“ரத்தம்னு எழுதினா எவன் வாங்குவான்?”
அட்டையைத் திருப்பிப் போட்டு
மார்க்கரால் அழுத்தி எழுதினார்:
சிவப்பு ஆரஞ்சு. ஊசி போடாதது.
கிலோ முன்னூற்றி அறுபது.

ரூபாய் எடுத்து நீட்டினேன்.
பார்க்கவே இல்லை.
“பெட்டியில மிச்சம் இருக்கா?”
“பத்துப் பன்னெண்டு காணும்.”
“ஏழு கொண்டு வா.
மொதல்ல அந்த டீச்சரம்மாவுக்குக் கொடுக்கணும்.”

வீட்டுக்கு வந்து எண்ணினேன்.
ஆறு.
மறுபடி எண்ணினேன்.
அடுக்களைத் திட்டில்
தூக்குவாளி கழுவிக் கவிழ்த்தியிருந்தது,
இன்னும் வியர்த்துக்கொண்டு.